திங்கட்கிழமை இருமல்

என் பெரியப்பா மும்பையின் பரேலில் ஒரு பஞ்சாலையில், பஞ்சைச் சீவிச் சீராக்கும் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தார். தாராவியில் எங்கள் வீடு இருந்த சந்திலேயே அவர் வீடும் இருந்ததால், திங்கட்கிழமை மாலைகளில் அவர் வாசற்படியில் உட்கார்ந்து, நெஞ்சின் நடுவே உள்ளங்கையை அழுத்திக்கொண்டு இருமுவதைச் சிறுவயதில் பலமுறை பார்த்திருக்கிறேன். புருவத்திலும் காதோர மயிரிலும் பஞ்சிழை ஒட்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை இருமல் குறையும். சனிக்கிழமைக்குள் ஏறக்குறைய நின்றுவிடும். ஞாயிறு முழுவதும் நன்றாக இருப்பார். மறுநாள் மறுபடியும் தொடங்கும். "ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு மத்தியானம் படுத்துத் தூங்குனா, திங்கக்கிழமை சளி பிடிக்காம என்ன செய்யும்?" என்பது பெரியம்மாவின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நாங்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தோம்.

1982 ஜனவரி 18 அன்று மும்பை ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. பெரியப்பா ஊருக்குப் போனவர், திரும்பவும் ஆலைக்குள் போகவே இல்லை. அவருக்கு இருந்த நோயின் பெயர் பிசினோசிஸ் என்பதும், பஞ்சுத் தூசியால் வருகிற அந்நோய் விடுமுறைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சை அதிகமாக இறுக்கும் என்பதும், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் அது தொழில்சார் நோயாகவே இடம்பெற்றிருந்தது என்பதும் எனக்குத் தெரியவந்தபோது அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்தக் கிழமையில் இருமுகிறீர்கள் என்று ஒரே ஒருவர் அவரிடம் கேட்டிருந்தால் போதும். எவரும் கேட்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், அதே போன்ற ஒரு கேள்வி கேட்கப்படாமல் போனதால் சென்ற ஆண்டு நானும் நான்கு மாதம் இருமினேன் என்பதே.

நான் மும்பையில் சைன் பகுதியில் குடியிருக்கிறேன். அந்தேரியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஜூன் மாதம் மழை தொடங்கிய வாரத்தில் சளி பிடித்தது, கூடவே இருமலும் வந்தது. மும்பையில் வேலைக்குப் போகிறவருக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. காலையும் மாலையும் லோக்கல் ரயிலில் முகத்தோடு முகம் உரச நிற்கிறோம். பிறகு சன்னல் திறக்க முடியாத குளிரூட்டிய அறையில் நாற்பது பேர் ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம். வீட்டுக்கு வந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த சளி காத்திருக்கிறது. குறுகிய கால இருமலுக்கு இவைதாம் பெரும்பாலும் காரணம். அந்த இருமல் ஒரு வாரத்தில் அடங்கிவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். உண்மையில் சாதாரணச் சளியோடு வருகிற இருமல் சராசரியாக 18 நாள் வரை நீடிக்கும். எட்டாம் நாள் பயந்துபோய்க் கேட்டு வாங்குகிற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் வைரஸை ஒன்றும் செய்யாதவை. நானும் அப்படி இரண்டு முறை வாங்கி விழுங்கினேன். சித்தரத்தையும் திப்பிலியும் தட்டிப்போட்டு என் மனைவி வைத்துக் கொடுத்த கஷாயம் தொண்டைக்கு இதமாக இருந்தது. இருமல் மட்டும் போகவில்லை.

மருத்துவர்கள் இருமலை நாள் கணக்கில்தான் பிரிக்கிறார்கள். மூன்று வாரத்துக்குள் அடங்குவது ஒரு வகை. மூன்று முதல் எட்டு வாரம் வரை போவது பெரும்பாலும் தொற்று ஓய்ந்த பிறகும் மூச்சுக்குழாயின் நரம்புகள் கூச்சத்தோடு இருப்பதால் வருவது; பெரியவர்களுக்கும் வரக்கூடிய கக்குவான் இருமலும் இதில் ஒளிந்திருக்கலாம். எட்டு வாரத்தைத் தாண்டியது நாட்பட்ட இருமல். அதற்குக் காரணம் தொண்டையில் மட்டும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் நம் நாட்டில் எட்டு வாரம் வரை பொறுத்திருக்கவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது தேசியக் காசநோய்த் திட்டத்தின் விதி. அரசு மருத்துவமனைகளில் அந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. நெருக்கமான குடியிருப்புகள் நிறைந்த மும்பையில் இதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு முதல் மூன்று மடங்கு கூடுதல் என்பதால் அவர்களுக்கு இன்னும் ஆபத்து. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், கோழையில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எனக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்தது. எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. இருமலோ ஆகஸ்ட் முழுவதும் தொடர்ந்தது. கோழை இல்லாத வறட்டு இருமல். பேசத் தொடங்கினால் தொண்டைக்குழியில் ஒரு மயிரிழை கிடப்பது போன்ற கூச்சம், உடனே அடக்க முடியாத ஓர் அடுக்கு இருமல். ரயிலில் பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கொரோனாவுக்குப் பின் அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை என்றாலும், ஒவ்வொரு நாளும் அது வலித்தது.

இந்த நாட்களில் எனக்குத் தோன்றிய சந்தேகங்களுக்கு அளவில்லை. மழைக்காலத்தில் எங்கள் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிக் கறுப்பாகப் பூஞ்சை படிந்திருந்தது. சமையலறைச் சன்னலுக்கு வெளியே ஏசி பெட்டியின்மேல் புறாக்கள் கூடுகட்டி, எச்சம் காய்ந்து தூளாகிக் கிடந்தது. புறா எச்சத்தின் தூசியை நெடுநாள் சுவாசிப்பவர்களில் சிலருக்கு நுரையீரல் திசுவே ஒவ்வாமையால் அழற்சியடைந்து தழும்பேறிவிடும். 2025இல் மாநகராட்சி, புறாக்களுக்குத் தீனி போடும் இடமான தாதர் கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடியதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த நடவடிக்கையின்மேல் எழுந்த சண்டையில் பறவைகளின்மேல் அன்புகொண்டவர்களின் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மூச்சுவிடத் திணறும் மனிதர்களின் பக்கமே நான் நிற்பேன்.

இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கிற என் வழக்கத்தையும் சந்தேகித்தேன். வயிற்று அமிலம் எதுக்களித்து மேலே வந்தால், நெஞ்செரிச்சல் சிறிதும் தெரியாமலே இருமல் மட்டும் வரலாம். வேலை முடிந்து வீடு சேரவே ஒன்பதரை ஆகிற இந்த நகரத்தில் எத்தனை பேருக்கு இப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூச்சிரைப்போ வீசிங் ஒலியோ இல்லாமல், விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடும் இருமலாக மட்டுமே தலைகாட்டும் ஆஸ்துமாவும் உண்டு. மூக்கின் பின்புறமாகச் சளி தொண்டைக்குள் வழிந்து, ஓயாமல் செருமவைக்கும் சைனஸ் தொல்லையும் உண்டு. புகைபிடிப்பவர்களுக்கு இருமல் கூடுதலாக வரும், கூடுதலாக நீடிக்கும். நான் புகைபிடிப்பதில்லை.

அக்டோபரில் பார்த்த நெஞ்சக மருத்துவர் என் தொண்டையைப் பார்ப்பதற்கு முன்பாகவே, "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எப்போதிலிருந்து?" என்று கேட்டார். பையிலிருந்து இரத்த அழுத்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். ராமிப்ரில்; மார்ச் மாதம் தொடங்கியது. அவர் அந்த அட்டையைத் திருப்பி, பெயரின் கடைசி எழுத்துகளின்மேல் விரலை வைத்தார். எனாலாப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என முடிகிற இந்த மருந்துகள், அழுத்தத்தைக் குறைக்கும் அதே வேலையின்போது பிராடிகைனின் என்ற பொருள் உடைந்துபோகாமல் மூச்சுக்குழாயில் சேரும்படி செய்துவிடுகின்றன. அது இருமல் நரம்புகளைக் கூசவைக்கிறது. சாப்பிடுகிறவர்களில் நூற்றுக்கு 5 முதல் 20 பேருக்கு இது நேர்கிறது; ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். தொடங்கிய சில நாளிலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். என் விஷயத்தில் ஜூன் மாதச் சளி முன்னால் வந்து நின்றதால், மார்ச் மாத மாத்திரை எவர் கண்ணிலும் படவில்லை.

அவர் அதை நிறுத்தி, வேறு வகை இரத்த அழுத்த மாத்திரையான டெல்மிசார்டன் எழுதிக் கொடுத்தார். (இந்த மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், இருமலைவிட இரத்தக்கொதிப்பு பெரிய ஆபத்து.) மூன்றாம் வாரம் குறைந்தது. தீபாவளி கழிந்து சில வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடுகு தாளிக்கும் நெடியில்கூட இருமாமல் நின்றுகொண்டிருந்ததை நானே கவனித்து, அடுக்களையில் சிறிது நேரம் அப்படியே நின்றேன்.

எங்கள் கட்டடத்தில் தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். குர்லாவில் மரச்சாமான் பட்டறையில் வேலை. ஐந்து மாதமாக இருமுகிறான். மூன்று வகை சிரப் குடித்துவிட்டான். ஊரில் கோயில் கொடைக்குப் பத்து நாள் போயிருந்தாயே, அங்கே எப்படி இருந்தது என்று கேட்டேன். சிறிது யோசித்து, "அங்க இருமலே இல்லண்ணே. வந்து வேலைக்குப் போன ரெண்டாம் நாளு ஆரம்பிச்சிருச்சு" என்றான். பட்டறையில் என்ன வேலை என்றால், மரத்துக்குப் பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் ஸ்ப்ரே அடிப்பது. முகத்தில் கட்டுவது ஒரு கைக்குட்டை. அந்தப் பாலிஷைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் ஐசோசயனேட், வேலையிடத்தில் வருகிற ஆஸ்துமாவுக்கு நன்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. கைக்குட்டை அதன் ஆவியைத் தடுக்காது.

ஒரு தாளில் இருமல் தொடங்கிய தேதி, ஊருக்குப் போன தேதி, திரும்பிய தேதி, பாலிஷ் டப்பாவின் மேல் எழுதியிருக்கும் பெயர் ஆகியவற்றைக் குறித்துவரச் சொல்லியிருக்கிறேன். டப்பாவைக் கைபேசியில் படமெடுத்து நேற்றே அனுப்பிவிட்டான். சனிக்கிழமை மருத்துவரிடம் அவனோடு நானும் போகிறேன்.