'மூன்று' என்றவர்

"வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள்."

மெல்பர்னில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்ததிலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இதைக் கேட்கிறேன். சொல்கிற எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவேன். அதில் ஒருநாள் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

அவருக்கு 82 வயது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எங்கள் பிரிவுக்கு வந்திருந்தார். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். தாத்தா வயதுக்காரரை அப்படிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. அவருக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. என்னை 'மேட்', அதாவது நண்பா, என்றார். புதுத் தையலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தழும்பு ஓடியது. 1950களில் முழங்காலுக்குள் குருத்தெலும்பு கிழிந்தால் அதை மொத்தமாக எடுத்துவிடுவது வழக்கம். ஆட்டக்காரர் சீக்கிரம் மைதானத்துக்குத் திரும்பிவிடுவார். ஆனால் மெத்தை போன வண்டி மாதிரி மூட்டு வருடக்கணக்கில் தேயும்.

"ஃபுட்டியா?" என்றேன். ஆஸ்திரேலியக் கால்பந்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். "வேறென்ன?" என்றார்.

மூன்றாம் நாள் அவருடைய முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தேன். வலி? "மூன்று." இன்னும் கொஞ்சம் மடக்கினேன். "மூன்று." என் கண் கோணமானியிலேயே இருந்தது. நிமிர்ந்தபோதுதான் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய கையைப் பார்த்தேன். விரல் மொளிகள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. மேலுதட்டில் வியர்வை. வாய் திறப்பதற்குள் மனிதர் மயங்கிச் சாய்ந்துவிட்டார். செவிலியர் ஓடி வந்து தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, ரத்த அழுத்தம் பார்த்து, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அப்புறம் சீனியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

மறுநாள் அவரே என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"எங்களுக்கு அப்படித்தான் பழக்கம்" என்று சொல்ல ஆரம்பித்தார். களத்தில் 18 பேர். வெளியே கோட்டு மாட்டிக்கொண்டு 19ஆவது ஆள், 20ஆவது ஆள், அவ்வளவுதான். ஒருவன் வெளியே போனால் அன்று திரும்ப வர முடியாது. அதனால் காலில் அடிபட்டால் கோலுக்குப் பக்கத்து மூலையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். நொண்டிக்கொண்டே நில், அதிர்ஷ்டம் இருந்தால் பந்து உன்னிடம் வரும். ஒரு தடவை ஆட்டத்தின் கடைசி நாலில் ஒரு பங்கு நேரம் முழுக்க அவர் அப்படி நின்றிருக்கிறார். வலிக்கிறது என்று சொன்னால் அடுத்த சனிக்கிழமை அந்த இடம் இன்னொருவனுக்கு.

இத்தனைக்கும் பெரிய சம்பளமா என்றால் அதுவும் இல்லை. 1930இல் விக்டோரியா மாநிலக் கால்பந்து லீக் கொண்டுவந்த விதி, ஓர் ஆட்டத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் தரக் கூடாது என்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாலும் ஆட்டத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இவருக்கு ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை. செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், திங்கள் காலை அதே காலோடு பட்டறையில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். இவர் ஆடியது பெரும்பாலும் இரண்டாம் அணியில்தான். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

ஜான் கோல்மன் பேச்சு வந்தால் குரல் ஏறிவிடும். எஸ்ஸெண்டன் அணியின் முன்கள வீரர். 1949இல் முதல் ஆட்டத்திலேயே 12 கோல். 98 ஆட்டங்களில் 537 கோல். நெரிசலுக்குப் பின்னாலிருந்து எழும்பி, மற்றவர்கள் தலைக்கு மேலே பந்தைப் பிடிப்பாராம். 1954இல் ஒரு வாரம் 14 கோல் அடித்தவர், அடுத்த வாரம் வடக்கு மெல்பர்னுக்கு எதிரான ஆட்டத்தில் விழுந்தார். முழங்கால் மூட்டு விலகிவிட்டது. வயது 25. 1956இல் திரும்பி வர முயன்றும் முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை என் நோயாளியும் வேறொரு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார். குளித்துக்கொண்டிருந்தபோது யாரோ வந்து சொல்ல, அறையே அமைதியாகிவிட்டதாம். அவரவர் தங்கள் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்களாம்.

கேட்கக் கேட்க என் மனம் தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது, தொழில் நோய். இன்றைக்கு என்றால் ஸ்கேன், கிழிந்த ஜவ்வுக்குத் தொடையிலிருந்து தசைநார் எடுத்து ஒட்டு, ஒன்பது மாதமோ ஒரு வருடமோ பயிற்சி. நிச்சயம் என்று சொல்ல முடியாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. கோல்மன் பிறகு பயிற்சியாளராக வந்து 1962, 1965இல் எஸ்ஸெண்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 1973இல் இதயக் கோளாறால் இறந்தபோது 44 வயதுதான்.

அதன்பின் அவரிடம் எண் கேட்பதை விட்டுவிட்டேன். "நேற்று ராத்திரி எத்தனை தடவை விழித்தீர்கள்?" என்று கேட்பேன். அதற்கு ஒழுங்காகப் பதில் வந்தது. மடக்கும்போது கையைத்தான் பார்ப்பேன்.

அவருக்கு இலக்கும் அவரே வைத்துக்கொண்டார்: 98 டிகிரி, கோல்மன் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. வீட்டுக்குப் போகும் நாள் கோணமானி 97 காட்டியது. மறுபடி வைத்துப் பார்த்தேன், 97.

"98 என்று போடு, மேட்."

"முடியாது."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "1953இல் கோல்மன் அடித்த கோல் எத்தனை தெரியுமா? 97. சரி, எழுதிக்கொள்" என்றார்.