பிரதமர் உதவித்தொகையும் மகளின் இனிஷியலும்

ஒரு வழியாக மகள் கணக்கில் 36,000 ரூபாய் ஏறிவிட்டது. முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு, அவர்கள் பிள்ளைகளுக்குத் தரும் பிரதமர் கல்வி உதவித்தொகைதான். பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500 என்று கணக்கு, ஆனால் வருஷத்துப் பணத்தை மொத்தமாகப் போடுகிறார்கள். நான் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். பி.இ. கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு உள்ள 150 இடங்களில் மகளுக்கு ஒன்று கிடைத்ததில் சிக்கலே இல்லை. சீட்டுக்குத்தான் கோட்டா, ஃபீஸை முழுசாகக் கட்டித்தான் ஆகணும்.

உதவித்தொகைக்கு அலைந்ததில்தான் சிக்கல். முதல் இடி கல்லூரி அலுவலகத்தில். இந்தக் கல்லூரியில்தான் படிக்கிறாள் என்று காட்டும் போனிஃபைடு சான்றிதழை சைனிக் போர்டு தந்திருக்கும் படிவத்திலேயே (இணைப்பு 2) முதல்வர் கையெழுத்து, முத்திரையோடு வாங்க வேண்டும். அங்கிருந்த கிளார்க் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "எல்லா ஸ்காலர்ஷிப்புக்கும் எங்க லெட்டர்பேடுலதான் சார் குடுப்போம், யாரும் திருப்பி அனுப்புனதில்ல" என்றார். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அதைப் பார்த்த உடனே திருப்பித்தான் கொடுத்தார்கள். மறுபடி பஸ் பிடித்துப் போய், நேரே முதல்வர் அறை வாசலில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் பெரிய தலைவலி. ஓய்வு பெறும்போது ராணுவம் தரும் டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் உள்ள பக்கத்தில் யூனிட் கிளார்க் மகள் பெயருக்குப் பின்னால் என் முழுப்பெயரையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார், வடக்கே அப்படித்தானே வழக்கம். மார்க் ஷீட்டிலும் ஆதாரிலும் வெறும் இனிஷியல். "ரெண்டும் ஒரே பொண்ணுன்னு நான் எப்படி நம்புறது? ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய்ட்டு வாங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். எங்கள் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ அலுவலகம் அது. எனக்கு வந்த கோபத்துக்கு, சர்வீஸில் இருந்திருந்தால் வேறு பாஷையில் பேசியிருப்பேன். அங்கே இருந்த நல அமைப்பாளர், அவரும் பழைய பட்டாளத்துக்காரர், தனியாகக் கூப்பிட்டு, "நேர்ல போகவே வேண்டாம், பர்த் சர்டிபிகேட், மார்க் ஷீட், டிஸ்சார்ஜ் புக் நகலோட இங்கயே மனு குடுங்க, நாங்க அனுப்பி வைக்கிறோம்" என்றார். பெயரைத் திருத்தி ரெக்கார்ட் ஆபீஸ் போடும் பார்ட் டூ ஆர்டர் வரும்வரை, கடைசித் தேதி நெருங்க நெருங்க, சோறு இறங்கவில்லை. கடைசி வாரத்தில்தான் வந்தது. அப்லோடு, ஒரிஜினல் சரிபார்ப்பு எல்லாம் ஒரே நாளில் முடிந்தது.

போகப்போகிறவர்களுக்கு: சேர்ந்த முதல் வருஷத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள், அதை விட்டால் பெரும்பாலும் வாய்ப்பில்லை. பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். பி.இ., எம்.பி.பி.எஸ். மாதிரி தொழிற்படிப்புக்குத்தான், சாதா பி.ஏ., பி.எஸ்சி.க்குக் கிடையாது. இதே பெயரில் சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். குடும்பங்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது, அது தேசிய உதவித்தொகை இணையதளத்தில். பெயரைப் பார்த்து அங்கே போய் நேரத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் தாமதமாகத்தான் வரும், அதை நம்பி முதல் வருஷ ஃபீஸுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்து பையனுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். பையன் இப்போது பிளஸ் ஒன். டிஸ்சார்ஜ் புக்கில் அவன் பெயரையும் எடுத்துப் பார்த்தேன், அதே கதைதான். மனுவை இப்போதே கொடுத்தாச்சு.