எருக்கு தெரிந்த கைகளுக்கு நியூஜெர்சியில் ஒரு பூச்செடி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்து நியூஜெர்சியில் வீடு வாங்குபவர்கள் முதலில் வைப்பது மல்லிகையும் கறிவேப்பிலையும். இரண்டும் தொட்டியில்தான். குளிர் வந்தால் உள்ளே தூக்கி, வெயில் வந்தால் வெளியே இறக்கி, ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். தரையிலேயே கிடந்து, பனியைத் தானே தாங்கி, வருஷா வருஷம் துளிர்க்கிற பூச்செடி வேண்டுமென்றால் இந்த மண்ணிலேயே பிறந்த பட்டர்ஃப்ளை வீட் இருக்கிறது. இரண்டடி உயரம், ஜூனிலிருந்து ஆரஞ்சுப் பூங்கொத்து. எருக்குக்குப் பங்காளி முறை; பூவை உற்றுப் பார்த்தால் எருக்கம்பூவின் நடுவில் இருக்கும் அதே கிரீடம் குட்டியாகத் தெரியும். ஆனால் இலையைக் கிள்ளினால் பால் வராது, தெளிந்த நீர்தான் கசியும். அதற்காக நஞ்சில்லை என்று நினைக்க வேண்டாம். குழந்தைகள் வாயில் வைக்கக்கூடாது, தொட்ட கையைக் கண்ணில் வைக்கக்கூடாது.

பிள்ளையார்பட்டிப் பக்கத்துப் பொட்டலில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிற எருக்கை மனதில் வைத்துக்கொண்டால் வளர்ப்பில் பாதி வந்துவிடும். மீதிப் பாதி குளிர்.

முதலில் மண். மத்திய நியூஜெர்சியில் பல இடங்களில் மண் சிவப்பாக இருக்கும். நிறத்தைப் பார்த்து நம்மூர்ச் செம்மண் என்று ஏமாறாதீர்கள். செம்பராங்கல் பூமி தண்ணீரை இறக்கிவிடும். இங்கே களி கலந்து பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது இறங்கியதும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். சில மணி நேரத்தில் வடியாவிட்டால் அந்த இடம் ஆகாது. இந்தச் செடியைக் கொல்வது பெரும்பாலும் பனியல்ல, பனிக்காலத்தில் வேரடியில் தேங்கும் ஈரம். களியில் ஒரு மூட்டை மணலைக் கலப்பதும் தீர்வில்லை, இன்னும் இறுகிப்போகும். முக்கால் அடி உயரத்துக்கு மேடு கட்டி, அதன்மேல் நடுங்கள். குறைந்தது ஆறு மணி நேர வெயில், செடிக்குச் செடி ஒன்றரை அடி. உரம் வேண்டவே வேண்டாம். போட்டால் தண்டு நீண்டு சாயும், அசுவினிப் பூச்சியும் கூடும்.

விதைக்கும் காலம் நம் கணக்குக்கு நேர் எதிர். ஊரில் ஆடிப்பட்டம் என்றால் இங்கே கார்த்திகைத் தீபத்துக்கும், அதற்கு மூன்று வாரம் கழித்து வரும் பிள்ளையார் நோன்புக்கும் இடைப்பட்ட நாட்கள். குளிரில் ஈரமாகக் கிடந்தால்தான் விதையின் உறக்கம் கலையும். மண்ணில் கால் அங்குல ஆழத்தில் போட்டு விட்டுவிடலாம். அணிலுக்குப் பயந்தால் ஃப்ரிட்ஜ் வழி: பிழிந்தால் சொட்டாத ஈர மணலில் விதையைக் கலந்து, ஜிப் பையில் போட்டு, பிப்ரவரி கடைசியிலிருந்து 30 நாள் வையுங்கள். பையில் தேதி எழுதுங்கள். இல்லையென்றால் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பத்தா குப்பையில் கொட்டிவிடுவார். பிறகு ஆழமான கப்பில் விதைத்து, மே நடுவில் உறைபனி போனதும் நடலாம். ஆணிவேர் சீக்கிரம் கீழே ஓடும் என்பதால் தட்டையான தட்டில் வளர்க்காதீர்கள். நட்ட பிறகு இடம் மாற்றினால் வேர் அறுபட்டுப் பிழைப்பது கஷ்டம்.

முதல் கோடையில் மழை இல்லாத வாரங்களில் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர். அடுத்த வருஷத்திலிருந்து எருக்குப் பாடுதான். விதையிலிருந்து வந்தது பூக்க இரண்டு, மூன்று வருஷம் ஆகும். முதல் குளிரில் மண் உறைந்து இளகும்போது இளஞ்செடியை வெளியே தள்ளிவிடும். மண் உறைந்த பிறகு இரண்டு அங்குலம் காய்ந்த இலை பரப்பினால் போதும். பழைய தண்டை அரையடி விட்டு வையுங்கள். மற்றச் செடியெல்லாம் ஏப்ரலில் துளிர்க்கும்போது இது வைகாசி வரைகூடத் தலைகாட்டாது. செத்துவிட்டது என்று நினைத்துத் தோண்டுபவர்கள் நிறைய. அந்தத் தண்டுதான் அடையாளம்.

தண்டு நுனியில் மஞ்சளாக மொய்க்கும் அசுவினி, ஊரில் எருக்கில் பார்த்த அதே பூச்சி. கை தானாக வேப்பெண்ணெய்க்குப் போகும். வேண்டாம், மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் முட்டையும் புழுவும் அதே இலையில் இருக்கும். காலையில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் அசுவினி உதிர்ந்துவிடும். அதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தில் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டை போட்ட மொனார்க் புழு, எருக்கில் மேயும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவைப் போலவே இருக்கும். வித்தியாசம், வெந்தய வரியனுக்கு மூன்று ஜோடிக் கொம்பு, மொனார்க்குக்கு இரண்டு. இலையை மொட்டையடித்தாலும் விடுங்கள், மறுபடி துளிர்க்கும்.

முதல் பூ வாடியதும் கொத்தை வெட்டினால் கோடைக் கடைசியில் பெரும்பாலும் இன்னொரு முறை பூக்கும், பிள்ளையார் சதுர்த்திக்கு ஒத்துவரலாம். எருக்கு மாதிரி கோத்து மாலை கட்ட முடியாது, பூ அத்தனை சிறிசு. கொத்தாகச் சாத்தலாம். விதை வேண்டுமென்றால் சில கொத்துகளை வெட்டாமல் விட்டு, காய் வெடிக்கும் முன் ரப்பர் பேண்ட் போடுங்கள். விதை பழுப்பாக இருந்தால் முற்றியது, வெள்ளையாக இருந்தால் வீண்.

ஹூஸ்டன், டாலஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. பட்டர்ஃப்ளை வீட் சேர்ந்த செடிக்கூட்டத்துக்கு மில்க்வீட் என்று பெயர். கடையில் வெறுமனே மில்க்வீட் என்று கேட்டால் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் அயல்நாட்டு வகையைக் கொடுத்துவிடலாம். குளிரில் பட்டுப்போகாமல் பச்சையாகவே நிற்பதால் மொனார்க்கைத் தாக்கும் ஒட்டுண்ணி அதன் இலையில் சேர்ந்துகொண்டே போகும். ஏற்கெனவே வைத்திருந்தால் ஐப்பசியில் தரையோடு வெட்டிவிடுங்கள், குளிர்காலத்தில் துளிர்த்தால் மறுபடியும் வெட்டுங்கள்.