அடாப்டர் முனையை மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது

வெளிநாட்டுப் பயணத்துக்குத் தயாராகும் பலர் ஒரு யுனிவர்சல் அடாப்டரை வாங்கிப் பெட்டியில் வைத்தவுடன் மின்சாரம் பற்றிய கவலை தீர்ந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த நினைப்புதான் எனக்குக் கவலையளிக்கிறது. அடாப்டர் செய்வதெல்லாம் நம் பிளக்கின் முனைகள் அந்த நாட்டுச் சாக்கெட்டில் பொருந்த வழிசெய்வது மட்டுமே. சுவரிலிருந்து வருவது 100 வோல்ட்டோ 240 வோல்ட்டோ, அது அப்படியே நம் கருவிக்குள் போகும்.

உலகின் பெரும்பாலான நாடுகளில் வீட்டு மின்சாரம் 220 முதல் 240 வோல்ட் வரை உள்ளது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். பிரேசிலில் ஊருக்கு ஊர் 127 அல்லது 220 என மாறுவதால், அங்கே தங்குமிடத்தில் கேட்டுக்கொள்ளாமல் எதையும் செருகக் கூடாது. ஜப்பானில் மின்சாரத்தின் அதிர்வெண்ணிலும் (ஹெர்ட்ஸ்) ஒரு வேறுபாடு உண்டு: டோக்கியோ இருக்கும் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா இருக்கும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர்களை வாங்கியதன் விளைவு இன்றுவரை நீடிக்கிறது.

ஆகவே, ஒவ்வொரு கருவியையும் பெட்டியில் வைக்கும் முன் அதன் அடியிலோ சார்ஜரின் பக்கவாட்டிலோ பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். சாம்பல் பிளாஸ்டிக்கின் மேல் சாம்பல் எழுத்தாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது. நான் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் படிப்பேன். ‘இன்புட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அடாப்டர் மட்டும் போதும். கைபேசி, மடிக்கணினி, கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரே ஓர் எண் மட்டும் இருந்தால் அந்தக் கருவி அந்த மின்னழுத்தத்துக்கு மட்டுமே உரியது.

உண்மையான ஆபத்து சூடேற்றும் கருவிகளில் இருக்கிறது. 120 வோல்ட்டுக்குச் செய்த 1,200 வாட் ஹேர் டிரையரை 230 வோல்ட் சாக்கெட்டில் செருகினால், மின்னழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகும்போது வெப்பம் ஏறத்தாழ நான்கு மடங்காகி, 4,400 வாட்டை நெருங்கும். கம்பி பழுத்துச் சிவந்து, ஃபியூஸ் போவதற்குள் உடற்பகுதியே உருகிவிடக்கூடும். பயணத்துக்கென்றே விற்கும் சில டிரையர்களின் கைப்பிடியில், நாணய விளிம்பாலோ ஸ்குரூ டிரைவராலோ திருப்பி மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதன் அம்புக்குறி எந்த எண்ணைக் காட்டுகிறது என்பதை ஒவ்வொரு நாட்டிலும் செருகுவதற்கு முன் பார்த்தே ஆக வேண்டும், ஏனெனில் அது தானாக மாறாது.

மின்னழுத்தத்தையே மாற்றும் கன்வெர்ட்டர் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். எடை குறைந்த எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர்கள் சூடேற்றும் கருவிகளுக்கு மட்டுமே, அதுவும் சிறிது நேரத்துக்கு மட்டுமே ஏற்றவை. அவற்றில் எலக்ட்ரானிக் கருவிகளை மாட்டினால் கெட்டுப்போகலாம். டிரான்ஸ்ஃபார்மர் வகை இரண்டுக்கும் பொருந்தும், ஆனால் 1,500 வாட் தாங்கும் ஒன்றைப் பெட்டியில் தூக்கிச் செல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. டிரையர், அயர்ன் பாக்ஸ், கெட்டில் ஆகியவற்றைத் தங்குமிடத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்வதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்கான சிபேப் போன்ற மருத்துவக் கருவியை மட்டும் இப்படி விட்டுச்செல்ல முடியாது. அதன் அச்சைப் படிப்பதோடு, தயாரிப்பாளரின் கையேட்டையும் பார்த்துவிட வேண்டும்.

எர்த் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகினால் எர்த் இணைப்பு அறுந்துவிடும். ஐரோப்பாவின் பல நாடுகளில் உள்ள ஷூக்கோ சாக்கெட்டில் எர்த் என்பது ஓரங்களில் தெரியும் இரண்டு உலோகப் பட்டைகள். அவற்றைத் தொடாத அடாப்டர் வழியாக உலோக உடல் கொண்ட கருவியை இயக்கக் கூடாது. கருவியின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போன்ற குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உடையது, எர்த் தேவையில்லை.

குளியலறையில் ஷேவருக்கென்று இருக்கும் சாக்கெட்டில் ஷேவரையும் பல் துலக்கும் கருவியின் சார்ஜரையும் தவிர வேறெதையும் செருக வேண்டாம். அடாப்டர் கை பொறுக்காத அளவு சுட்டால், உடனே சுவிட்சை அணைத்துக் கழற்றிவிட்டு, மறுபடி பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுங்கள்.

பவர் பேங்கை கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. விமானங்களில் அனுமதி கேட்காமல் கொண்டுசெல்லும் வரம்பு பொதுவாக 100 வாட்-அவர். 20,000 மில்லி ஆம்பியர்-அவர் என்றால், 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க, 74 வாட்-அவர் வரும். பவர் பேங்கில் அச்சிட்டிருக்கும் அளவு தேய்ந்து படிக்க முடியாமல் போயிருந்தால், பாதுகாப்புச் சோதனையில் அதைப் பறிமுதல் செய்ய வாய்ப்புண்டு. 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில், அந்நாட்டின் கட்டாயத் தரச்சான்றான 3சி முத்திரை தெளிவாக இல்லாத பவர் பேங்குகளுக்கும் அனுமதி இல்லை.