ஆடு தீண்டாத செடி

நேற்று ஒரு மூலிகை மாத்திரையின் ஆய்வறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தில் 'நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பானது' என்று கொட்டை எழுத்து. உள்ளே போய்ப் பார்த்தால், எலிக்குக் கொடுத்தது 28 நாள்.

கேட்டால் "தலைமுறை தலைமுறையா சாப்பிடுறாங்களே" என்பார்கள். குடித்த அன்றே வாந்தி வந்தால் அந்த வேரை எந்தக் காலத்து ஆளும் ஒதுக்கிவிடுவார், சரிதான். ஆனால் இன்று குடித்த கஷாயத்தால் ஏழெட்டு வருஷம் கழித்து நோய் வந்தால் அதையும் இதையும் யார் முடிச்சுப் போடுவது?

பெல்ஜியத்தில் அது நடந்தது. 1990களின் தொடக்கத்தில், உடல் இளைக்க சீன மூலிகை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. ஸ்டெஃபானியா வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா வேர் உள்ளே போயிருந்தது. சீன மொழியில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர். அதோடு விட்டதா? பழுதான சிறுநீரகங்களை எடுத்துவிடச் சம்மதித்த 39 பேரைப் பற்றி 2000இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய், அதுவும் மருந்தை நிறுத்தி வருஷக்கணக்கில் ஆன பிறகு. செடி மாறிப்போனதால் வந்த வினை என்று தள்ளவும் முடியாது, ஏனென்றால் அரிஸ்டோலோக்கியாவே பல நாடுகளில் காலங்காலமாக மருந்தாகப் பயன்பட்டதுதான். ஆடுதீண்டாப்பாளையும் அந்த இனமே. (ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது.)

அப்புறம் கற்றாழை. அமெரிக்க அரசின் நச்சியல் திட்டத்தில், மஞ்சள் பாலை நீக்காத முழு இலைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து எலிகளுக்கு இரண்டு வருஷம் கொடுத்தார்கள், எலிக்கு அது ஏறக்குறைய முழு ஆயுள். பெருங்குடலில் கட்டி வந்தது. எலிக்கு வந்தால் மனிதருக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் 28 நாளில் இது கண்ணில் பட்டிருக்காது.

மனிதர்களிடம் சோதித்தாலும் எண்ணிக்கை இடிக்கும். 300 பேர் மூன்று மாதம் சாப்பிட்டு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் ஆபத்து பூஜ்யம் என்று அர்த்தமில்லை. ஒருவருக்கும் பாதிப்பு வராத சோதனைக்குப் புள்ளியியலில் ஒரு கைக்கணக்கு உண்டு, மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆபத்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று தோராயமாகத் தெரியும். மூன்றை 300ஆல் வகுத்துப் பாருங்கள், நூறில் ஒருவருக்குப் பாதிப்பு வரும் வாய்ப்பைக்கூட அந்தச் சோதனையால் மறுக்க முடியாது. அதுவும் அந்த மூன்று மாதத்துக்குள் தெரியும் பாதிப்புக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு.

நேற்றைய அறிக்கையில் செடியின் தாவரவியல் பெயரையும் தேடினேன். 'வேர்ப்பொடி' என்று மட்டும் இருந்தது.