எங்கள் வளாகத்துக் குப்பை

நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பு என் தலையில் விழுந்த வருடம், கூடவே பல்கலைக்கழகத்துக் குப்பையும் வந்து சேர்ந்தது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள் தாங்களே தரம் பிரித்தாக வேண்டியிருந்தது. ஹாஸ்டல் உள்ள வளாகத்துக்கு 100 கிலோ எல்லாம் ஒரு கணக்கே இல்லை.

எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, ஒரு தொடக்க விழா, போட்டோ. இரண்டு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் இரண்டிலும் ஒரே குப்பை. மாணவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே சொன்னார்: “பிரிச்சுப் போட்டாலும் ஒரே வண்டியிலதான சார் கொட்டுறோம். புள்ளைங்க பாத்துக்கிட்டுதான இருக்கு.”

தள்ளுவண்டியின் நடுவே ஒரு தகரத் தடுப்பு வைத்தோம். தொட்டிகளுக்கு ஆன செலவில் அது நூறில் ஒரு பங்குகூட இருக்காது. முதல் நாளே அதைச் செய்திருக்கலாம்.

அடுத்து உரக்குழி. மெஸ்ஸில் மிஞ்சிய சோறு, சாம்பார், காய்கறித் தோல் எல்லாவற்றையும் கொட்டி மூடினோம். ஐந்தாம் நாள் புழு நெளிந்தது. நாற்றம் தாங்காமல் வார்டன் இரவு பத்து மணிக்குப் போன் செய்தார். ஈரம் அதிகம், உள்ளே காற்று இல்லை, அதனால் உரமாவதற்குப் பதில் அழுகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு மருந்தான காய்ந்த சருகை மைதானத்துக்குப் பின்னால் நாங்களே தினமும் கொளுத்திக்கொண்டிருந்தோம். ஒரு வாளி எச்சத்துக்கு இரண்டு வாளி சருகு என்று அடுக்கினோம். கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறினோம். ஒரு நாள் நடுவில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவினேன், கையில் பிடிக்க முடியாத சூடு. நாற்றம் போய் மண்வாசம் வந்திருந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் முனைவர் பட்டம் வாங்கியபோதுகூட வரவில்லை.

காகிதம், அட்டை, பாட்டிலைக் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். நனைந்த அட்டையைத் தொடமாட்டார். அந்தப் பணம் பிரித்துக் கொடுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கே போகட்டும் என்று எழுதினேன். கோப்பு நான்கு மாதம் மேசை மேசையாகச் சுற்றியது. அலுவலகத்தின் கேள்வி: குப்பை பல்கலைக்கழகத்தின் சொத்தா இல்லையா? கடைசியில் கையெழுத்து விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு அட்டைகூட நனையவில்லை.

குப்பையைக் குறைத்தது என்று பார்த்தால், மெஸ் வாசலில் வைத்த கரும்பலகைதான். தட்டில் மிஞ்சியதை எடை போட்டுத் தினமும் எழுதினோம். உப்புமா நாளில் எடை எகிறும். மாணவர் கமிட்டி அந்தக் கணக்கைக் காட்டியே வாரம் இரண்டு உப்புமாவை ஒன்றாக்கிவிட்டது. 2019 ஜனவரியில் தமிழகம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது கேன்டீனில் எவர்சில்வர் டம்ளருக்கு மாறினோம். அதில் பாதி இப்போது ஹாஸ்டல் அறைகளில் பல்துலக்கும் பிரஷ் தாங்கி நிற்கிறது.

சிப்ஸ் பாக்கெட்டுக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. உள்ளே வெள்ளி மினுக்கும் அந்தப் பல அடுக்குக் கவரைக் காயலான் கடையில் சும்மா கொடுத்தாலும் வாங்குவதில்லை. சிமென்ட் ஆலைகள் சூளையில் எரிக்க எடுத்துக்கொள்ளும், ஆனால் ஒரு லாரி அளவாவது சேர வேண்டும். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் மூட்டை மூட்டையாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.