"சாய்தளம் இருக்கு மேடம், வாங்க"

சார்பதிவாளர் அலுவலகத்தில் போனை எடுத்தவர் சொன்னது இது. இதை நம்பி இருபத்தெட்டு கிலோமீட்டர் வாடகைக் காரில் போய், உள்ளே காலெடுத்து வைக்காமலே திரும்பி வந்தேன். காலெடுத்து வைப்பது என்பது என் விஷயத்தில் பேச்சுக்குத்தான். சின்ன வயதில் போலியோ வந்ததிலிருந்து எனக்குச் சக்கர நாற்காலிதான்.

அப்பா வீட்டில் எனக்குள்ள பங்கைத் தம்பி பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வரைவு, முத்திரைக் கட்டணம், ஆன்லைன் டோக்கன் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தன. எழுதிக் கொடுப்பவர் சார்பதிவாளர் முன் நேரில் ஆஜராக வேண்டும், அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அலுவலகம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். வெள்ளம் வந்தாலும் ஆவணம் நனையக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டரை அடி உயரத்தில் தளம், முன்னால் ஐந்து படி. சாய்தளம் இருந்தது, போனில் பொய் சொல்லவில்லை. கட்டடத்தின் பக்கவாட்டில், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. அதன் மேல் ஏழு பைக் நின்றன. என் பையில் எப்போதும் இன்ச் டேப் இருக்கும். தம்பியை அளக்கச் சொன்னேன். பத்தடி நீளம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் கணக்கு, ஆக முப்பது அடி இருந்திருக்க வேண்டும். பத்தடியில் ஏறினால் நாற்காலி பின்னால் மல்லாந்துவிடும். சரி, யாராவது தாங்கிப் பிடித்து ஏற்றினாலும் மேலே இருக்கும் கதவுக்குப் பூட்டு. அதற்குப் பின்னால் இப்போது பழைய ரெக்கார்டு அலமாரியாம்.

முன்வாசல் இரட்டைக் கதவில் ஒன்றுதான் திறக்கும். 22 அங்குலம். என் நாற்காலி 25. இன்னொரு கதவின் மேல்தாழ்ப்பாள் மேல் பெயின்ட் அடித்து அடித்து அது சுவரோடு சுவராகிவிட்டது.

"நாலு பேர் சேர்ந்து தூக்கிடலாம் மேடம்" என்றார் அலுவலக எழுத்தர். உதவி செய்வதாகத்தான் நினைத்தார். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படித் தூக்கியபோது ஒருவர் கை நழுவி, என் தோள் பட்டை மூன்று மாதம் வலித்தது. வலி ஒரு பக்கம் இருக்கட்டும், கையெழுத்துப் போட வந்தவளை மூட்டை மாதிரி தூக்கிப் போனால் என்ன மரியாதை?

"பாரம்பரியக் கட்டடம், இதுல கை வைக்க முடியாது மேடம்" என்று அடுத்த பதில். நான் மேலே பார்த்தேன். அதே சுவரில் ஏசி குழாய்க்கு இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் விதிகள் 2017-இல் வந்தன, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை எங்களுக்கு ஏற்றபடி மாற்ற 5 ஆண்டு கெடு, அது 2022-லேயே முடிந்துவிட்டது, அணுகல் வசதிக்கான தரத்தை வெறும் பரிந்துரையாக வைக்காமல் கட்டாயமாக்கச் சொல்லி 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது என்று நானும் மூச்சு விடாமல் சொன்னேன். "பொதுப்பணித்துறைக்கு எழுதுங்க" என்றார்.

காரில் இருந்தபடியே படம் எடுத்துக் கைரேகை வைக்கலாமா என்று பத்திர எழுத்தர் ஒரு யோசனை சொன்னார். கேமரா ஒயர் வாசல் வரைக்கும்கூட வரவில்லை. டோக்கன் நேரம் போயே போய்விட்டது.

அன்று இரவு வக்கீல் தோழி ஒருத்தி போனில் சிரித்தாள். "நீ எதுக்குடி அங்க போன? பிரிவு 38-ஐ எடுத்துப் படிச்சுப் பாரு." 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். உடல் நலிவால் ஆபத்தோ பெரும் சிரமமோ இல்லாமல் அலுவலகத்துக்கு வர முடியாதவரை நேரில் வரச் சொல்லக் கூடாது. பதிவு அலுவலர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் தன் சார்பில் ஒருவரை அனுப்பி விசாரிக்க வேண்டும். அந்தப் படிகளைக் கட்டிய வெள்ளைக்காரனே ஏற முடியாதவர்களுக்கு வழியும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அன்று அந்த வாசலில் எனக்கு யோசனை சொன்ன ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரச் சொல்லி மனு எழுதி எடுத்துக்கொண்டு தம்பி போனான். "அதெல்லாம் படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குத்தான்" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் பிரிவை அச்செடுத்து, அடிக்கோடிட்டு, என் அடையாள அட்டை நகல், டாக்டர் சான்று, அன்று எடுத்த சாய்தளப் படம் எல்லாம் வைத்துக் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதே என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ஒன்றரை மணி நேரம் நின்று வாங்கினான். அதன் பிறகு வேலை நடந்தது. வீட்டு வருகைக்குத் தனிக் கட்டணம் உண்டு, ரசீது கேட்டு வாங்குங்கள்.

ஒரு சாயங்காலம் சார்பதிவாளர் மடிக்கணினி, கேமரா, ரேகைக் கருவி சகிதம் வந்தார். சாட்சிகள் இருவரும் தயாராக இருந்தார்கள். பதினைந்து நிமிடம் ஆனது. மனிதர் நல்லவர், காபிகூடக் குடித்தார்.

இனிமேல் எந்தப் பழைய அலுவலகத்துக்குப் போவதானாலும் "சாய்தளம் இருக்கா" என்று கேட்க மாட்டேன். எத்தனை அடி நீளம், முடிகிற இடத்தில் கதவு திறக்குமா, எத்தனை அங்குலம் திறக்கும், சாவி யாரிடம் இருக்கிறது, இப்போதே ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்றுதான் கேட்பேன்.

பத்திரத்தை வாங்கத் தம்பிதான் போனான். சாய்தளத்தில் அன்று ஒன்பது பைக் நின்றதாம்.